‘ஜே ஜே’ வைத்தால் அப்பா உடைவார்: விம்மில் தமிழ்99-க்கு விசை அமைப்பது

எஸ்கேப் விசைக்கு ஒவ்வொரு தடவையும் விரலை நீட்டிச் சலித்தவர்கள் விம் என்ற உரைத் திருத்தியில் முதலில் சேர்க்கும் வரி, இன்சர்ட் மோடில் (எழுதும் நிலையில்) ‘ஜே ஜே’ தட்டினால் எஸ்கேப் என்பதுதான். ஆங்கிலத்தில் இரண்டு ஜே ஒட்டி வரும் சொல் அபூர்வம், மலாயிலும் அப்படியே. ஆனால் தமிழ்99 விசைப்பலகையில் ஜே விசையில் இருப்பது ப. இரண்டு முறை தட்டினால் புள்ளி தானாக விழுந்து ‘ப்ப’ ஆகிவிடும்.

‘அப்பா’ என்று எழுதுவதையே எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு விசைகள்: ஏ, ஜே, ஜே, க்யூ. அந்த இரண்டு ஜேக்கள் எஸ்கேப் ஆகி, தட்டுவதெல்லாம் கட்டளையாகும் நார்மல் மோடுக்குத் தள்ளிவிடும். பின்னாலேயே வரும் க்யூ, தமிழ்99-இல் ஆ. நார்மல் மோடில் அது மேக்ரோ பதிவை (தட்டும் விசைகளைத் திரும்ப ஓட்டச் சேமிப்பதை) தொடங்கும் கட்டளை. அடுத்த விசை எதுவோ அதன் பெயரில் பதிவு ஆரம்பித்துவிடும். நீங்கள் எழுதுவதாக நினைத்துத் தட்டிக்கொண்டே போவீர்கள், திரையின் அடியில் பதிவாகிறது என்று ஒரு சொல் சும்மா நின்றுகொண்டிருக்கும்.

ஜே ஜே வேண்டாம், ‘கே ஜே’ வைக்கலாம் என்றால் அது ‘ம்ப’. கோலாலம்பூர், அம்பாங், கம்போங் மூன்றும் போயின. ‘ஜே கே’ என்றால் ‘பம’. லாபம், கோபம், அப்பம் எல்லாம் அதில் சிக்கும். இணையத்தில் கிடைக்கும் ஆயத்த விம்ஆர்சி கோப்புகள் (விம்மின் அமைப்புகளை எழுதி வைக்கும் கோப்புகள்) பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றைத்தான் வைத்திருக்கும்.

(கட்டளைகளை இங்கே வாயால் சொல்வதுபோலத் தமிழெழுத்தில் தந்திருக்கிறேன். விம்மில் தட்டும்போது ஆங்கில எழுத்துதான்.)

மேலே சொன்னது விம்முக்குள்ளேயே தமிழை அமைத்தவர்களுக்கு. கணினியின் மொழித் தேர்வில் தமிழை வைத்திருப்பவர்களுக்கு நேர்மாறான தொல்லை. விம்முக்கு ஜே வந்து சேராது, ப-தான் வரும். அதனால் ‘ஜே ஜே’ வரி இருந்தும் இல்லாதது மாதிரி. எஸ்கேப்பை நேரடியாக அழுத்தி வெளியே வந்தாலும் தமிழ் அணையாமல் இருக்கும். கீழே போகலாம் என்று ஜே தட்டினால் ப போகும், விம் அதைக் கண்டுகொள்ளாது.

ஆகவே தமிழ் இன்சர்ட் மோடோடு நிற்க வேண்டும். நார்மல் மோடுக்குத் தமிழ் தெரியவே கூடாது. கட்டளைகளைத் தமிழ் எழுத்துகளுக்கு மாற்றிப் பழகலாம் என்று சிலர் முயல்வதுண்டு. விம்மில் அதற்கென்றே லாங்மேப் என்ற செட்டிங் இருக்கிறது. க வந்தால் ஹெச், ப வந்தால் ஜே, ம வந்தால் கே, த வந்தால் எல் என்று நான்கு இணைகள் கொடுத்தால் கர்சர் நகரத்தான் செய்யும். ஆனால் ஜேயை அடுத்தடுத்து இரண்டு முறை தட்டிப் பாருங்கள். உள்ளீட்டு மென்பொருள் அனுப்புவது ப, புள்ளி, ப. நடுவில் வந்த புள்ளிக்கு விம்மிடம் கட்டளை கிடையாது. ஓர் எழுத்துக்கு ஒரு விசை என்று இருக்கும் ரஷ்ய, கிரேக்க விசைப்பலகைகளுக்கு லாங்மேப் கச்சிதம். முன்னால் வந்த எழுத்தைப் பார்த்து அடுத்ததை மாற்றும் தமிழ்99-க்கு அது ஒத்து வராது.

நம் மலேசியாவில் மூன்று மொழியில் எழுதுகிறோம் என்பதால் மூன்று நிலை வேண்டுமோ என்று பயப்பட வேண்டாம். மலாய்க்கும் ஆங்கிலத்துக்கும் ஒரே எழுத்து, ஒரே விசைப்பலகை. தமிழ் ஓடுகிறதா இல்லையா என்ற இரண்டே நிலை போதும்.

தமிழ் வெளியே இருந்தால்

இன்சர்ட் மோடை விட்டு வெளியேறும் கணத்தில் விம் ‘இன்சர்ட்லீவ்’ என்று ஒரு நிகழ்வை எழுப்பும். அதில் தமிழை அணைக்கும் கட்டளையைக் கட்டிவிட வேண்டும். லினக்ஸில் எஃப்சிஐடிஎக்ஸ்5 என்ற உள்ளீட்டு மென்பொருள் வைத்திருந்தால் அதன் ரிமோட் கட்டளைக்குக் ‘கழித்தல் சி’ கொடுத்தால் அணையும், ‘கழித்தல் ஓ’ கொடுத்தால் திறக்கும், ஒன்றும் கொடுக்காவிட்டால் நிலையைச் சொல்லும்: 2 என்றால் ஓடுகிறது, 1 என்றால் இல்லை. ஐபஸ் என்ற இன்னொரு உள்ளீட்டு மென்பொருள் என்றால் ‘ஐபஸ் எஞ்சின்’ என்று மட்டும் கொடுத்தால் இப்போதைய பெயர் வரும். ஆங்கிலத்துக்கு மாற்றிவிட்டு இன்னொரு தடவை ஓட்டி, அப்போது வரும் பெயரை அப்படியே விம்ஆர்சியில் போடுங்கள்.

விண்டோஸுக்கு ஐஎம்-செலக்ட் என்ற சின்ன நிரல். அதன் உதாரணங்களில் எல்லாம் ஆங்கிலத்துக்கு 1033 என்ற எண் இருக்கும். அது அமெரிக்க ஆங்கிலம். கோலாலம்பூரில் வாங்கிய கணினியில் மொழி ‘ஆங்கிலம், மலேசியா’ என்று இருந்தால் எண் 17417. அந்தக் கணினியில் 1033-ஐக் கொடுத்தால் தமிழ் அணையாது. முதலில் ஐஎம்-செலக்ட்டை வெறுமனே ஓட்டிப் பார்த்து, அது காட்டும் எண்ணை எழுதிக்கொள்வதுதான் வழி.

இதில் தவறும் இடங்கள் நான்கைந்து உண்டு. பலர் எஸ்கேப்புக்குப் பதிலாகக் கன்ட்ரோல்-சி அழுத்துவார்கள். அது இன்சர்ட் மோடை விட்டு வெளியேற்றும், ஆனால் இன்சர்ட்லீவ் நிகழ்வை எழுப்பாது, தமிழ் அப்படியே நிற்கும். இன்சர்ட் மோடில் கன்ட்ரோல்-சியை எஸ்கேப்பாக மாற்றிவிட்டால் தீரும். அடுத்தது, நிகழ்வு வரிகளை ஆக்ரூப் என்ற தொகுப்புக்குள் வைத்து, முதல் வரியில் பழையதை அழிக்கச் சொல்லாவிட்டால், விம்ஆர்சியை மறுபடி ஏற்றும் ஒவ்வொரு முறையும் அதே கட்டளை இன்னொரு பிரதியாகச் சேரும். நாலு முறை ஏற்றினால், எஸ்கேப் ஒன்றுக்கு வெளி நிரல் நாலு தடவை ஓடும். ‘விம் திடீரென்று மெதுவாகிவிட்டது’ என்ற புகாரில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

வெளி நிரலை ‘சிஸ்டம்’ ஃபங்ஷன் வழியாக ஓட்டினால் அது முடியும்வரை விம் காத்திருக்கும். ‘ஜாப் ஸ்டார்ட்’ வழியாக ஓட்டினால் காத்திருக்காது, ஆனால் எஸ்கேப் அடித்த கையோடு தட்டும் முதல் விசை தமிழாகப் போய் விழலாம். கொஞ்சம் தாமதமானாலும் சிஸ்டம்தான் என் தேர்வு. தப்பான கட்டளை ஓடுவதைவிடக் கண்ணிமைக்கும் நேரம் காத்திருப்பது மேல்.

எஸ்எஸ்ஹெச் வழியாக வேறொரு கணினியில் விம்மைத் திறந்திருந்தால் இது எதுவுமே பலிக்காது. கட்டளை ஓடுவது அந்தக் கணினியில், தமிழ் ஓடுவது உங்கள் மடியில்.

இன்னொன்று பேக்ஸ்பேஸ். விம்மில் இயல்பாக ஒரு பேக்ஸ்பேஸ் ‘கி’ முழுவதையும் அழிக்கும், மெய்யையும் சேர்த்து. ‘டெல்கம்பைன்’ செட்டிங்கைப் போட்டால் இகரக் குறி மட்டும் போகும், க நிற்கும், நார்மல் மோடில் எக்ஸ் கட்டளையும் அப்படியே நடக்கும். அஞ்சல் முறையில் எழுதுபவர்களுக்கு இது வசதி மட்டும் அல்ல. நம்மூர் முத்து நெடுமாறன் உருவாக்கிய அந்த முறையில் கே தட்டினால் முதலில் ‘க்’ வரும், ஏ தட்டியதும் புள்ளி போய் ‘க’ ஆகும். நீங்கள் வைத்திருக்கும் மென்பொருள் அந்தப் புள்ளியைப் பேக்ஸ்பேஸ் அனுப்பி அழிக்கும் வகை என்றால், டெல்கம்பைன் இல்லாத விம்மில் புள்ளியோடு க-வும் போய்விடும். அஞ்சலில் எழுத்துகள் மாயமாக மறைகின்றன என்றால் இந்த ஒரு வரியைச் சேர்த்துப் பாருங்கள்.

அஞ்சல்காரர்களுக்கு ஒரு லாபமும் உண்டு: ஜே அவர்களுக்கு ஜ், கே க். அஞ்சலை விம்முக்குள்ளேயே அமைத்தால் ‘ஜே கே’ என்ற இணை, ராஜ்குமார் போன்ற சில பெயர்களைத் தவிர, தமிழில் இடிக்காது.

தமிழ் உள்ளே இருந்தால்

தமிழ்99-க்கு நான் சிபாரிசு செய்வது இந்த வழியைத்தான். கணினியை எப்போதும் ஆங்கிலத்திலேயே விட்டுவிட்டு, விம்முக்குள் ‘எல்மேப்’ வகை மேப்களால் (ஒரு விசைக்கு வேறு எழுத்தையோ கட்டளையையோ ஒதுக்கும் வரிகளால்) தமிழை அமைப்பது. எல்மேப்கள் இன்சர்ட் மோடிலும் தேடல் வரியிலும் வேலை செய்யும். நார்மல் மோடில் எஃப், ஆர் போன்ற கட்டளைகளுக்குப் பின் தட்டும் எழுத்துக்கும் வேலை செய்யும். அதாவது வரியில் அடுத்த ‘ழ’வுக்குப் போக எஃப் தட்டி ழ விசையைத் தட்டினால் போதும். வெளியே தமிழ் வைத்திருப்பவர்களுக்கு இது கிடைக்காது. எஸ்எஸ்ஹெச் தொல்லையும் இல்லை, இன்சர்ட்லீவ் தொல்லையும் இல்லை. நார்மல் மோடில் எல்மேப் தானாகவே அடங்கிவிடும்.

திறக்கவும் மூடவும் இன்சர்ட் மோடில் கன்ட்ரோலோடு 6. உள்ளே ‘ஐஎம்இன்சர்ட்’ என்ற செட்டிங் 0-க்கும் 1-க்கும் மாறும்.

எல்மேப்களை எப்படி எழுதுவது என்பதில்தான் பலர் வழுக்குகிறார்கள். முதலில் தோன்றும் யோசனை, ‘ஹெச்’ தட்டினால் க, ‘ஹெச் க்யூ’ தட்டினால் கா என்று எல்லா உயிர்மெய்க்கும் ஒரு வரி எழுதிவிடலாம் என்பது. 18 மெய், 12 உயிர், 216 வரி. ஆனால் ‘க்க’ என்று இரட்டித்த பின் ஆகாரம் வர வேண்டுமே, அதற்கு இன்னொரு 216. அதற்கும் மேல், ஹெச் தட்டிவிட்டு யோசித்தபடி ஒரு நொடி நின்றால் விம் பொறுமையிழந்து க-வை முடித்துவிடும். பிறகு வரும் க்யூ தனி ஆ-வாக விழும்: ‘கஆ’.

இதற்கு நல்ல வழி, விசை ஒன்றுக்கு ஒரே மேப், அதை ‘எக்ஸ்பிஆர்’ வகையாக வைப்பது. விசையைத் தட்டும்போது ஒரு ஃபங்ஷன் ஓடும், அது கர்சருக்கு முன்னால் உள்ள எழுத்தைப் பார்த்து எதைப் போடுவது என்று முடிவு செய்யும். இரண்டு ஃபங்ஷன் போதும்.

உயிருக்கானது: முன் எழுத்து குறி ஏதும் ஏறாத வெறும் உயிர்மெய் அகரமாக இருந்தால் குறியைத் திருப்பித் தரும், இல்லாவிட்டால் முழு உயிரை. வெறும் எழுத்தா என்று கண்டுபிடிக்க அதன் நீளத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். யூடிஎஃப்-8-இல் தமிழ்க் குறியெண் ஒவ்வொன்றும் 3 பைட். ‘க’ 3 பைட், ‘கி’ 6 பைட். 3 பைட்டாக இருந்து, எண் 2965-இலிருந்து 3001-க்குள் இருந்தால், அதாவது க முதல் ஹ வரை, குறி போடலாம். இந்த எல்லையைப் பார்க்காவிட்டால் தனி ‘அ’வின் மேலும் கொம்பு ஏறும். புள்ளி விசையும் இதே ஃபங்ஷனில் அடங்கும்.

மெய்க்கானது: முன் எழுத்து அதே வெறும் எழுத்தாக இருந்தால் புள்ளியோடு சேர்த்துத் தரும். முன் எழுத்து அதன் இன மெல்லினமாக இருந்தாலும் அப்படியே: ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப, ன்ற என்ற ஆறு இணைகள். மற்ற இடங்களில் வெறும் எழுத்து.

அகர விசையை மறந்துவிடக் கூடாது. தமிழ்99-இல் மெய்க்குப் பின் அ தட்டினால் ஒன்றும் தெரியாது, ஆனால் அடுத்து வரும் தானியங்கிப் புள்ளியை அது தடுக்கும். இது இல்லாமல் ‘சமபந்தி’ எழுத முடியாது, ‘சம்பந்தி’தான் வரும். விருந்துக்கு எல்லாரையும் அழைப்பதாக நினைத்துச் சம்பந்தியை மட்டும் அழைத்த கதையாகிவிடும். ஃபங்ஷனுக்குத் திரையில் தெரிவதைத் தவிர வேறொன்றும் தெரியாது என்பதால், அ தட்டியதை ஒரு மாறியில் குறித்து வைத்து, அடுத்த மெய் வந்ததும் அழித்துவிட வேண்டும்.

12 உயிர், புள்ளி, 18 மெய், ஆய்தம், ஷிஃப்டோடு வரும் ஸ, ஷ, ஜ, ஹ, க்ஷ, ஸ்ரீ ஆறு: மொத்தம் 38 மேப். அவ்வளவுதான்.

எழுதும்போது இரண்டு இடத்தில் கவனம். எக்ஸ்பிஆர் மேப்பின் ஃபங்ஷன் நேரடியாக உரையை மாற்றக் கூடாது, போட வேண்டிய எழுத்தைத் திருப்பித் தர மட்டுமே வேண்டும். மாற்ற முயன்றால் பிழை எண் 565 வரும். இரண்டாவது, தேடல் வரியில் தட்டும்போதும் இதே ஃபங்ஷன்தான் ஓடும், ஆனால் ‘கெட்லைன்’ அப்போதும் கோப்பின் வரியைத்தான் பார்க்கும். மோடைக் கேட்டு, ‘சி’ என்று வந்தால் ‘கெட்சிஎம்டிலைன்’ வழியாக முன் எழுத்தை எடுக்க வேண்டும்.

தேடல் என்றதும் ஒன்று. தேடும் சொல்லில் பின்சாய்கோடு, பெரிய இசட் சேர்த்தால் விம் குறிகளின் வேறுபாட்டைப் பொருட்படுத்தாது. ‘பட’ என்று கொடுத்தால் படி, பாடு, பிடி மூன்றும் அகப்படும். சொல்லின் வேர் தெரியும், விகுதி நினைவில்லை என்ற நேரத்துக்கு அருமையான வசதி. லீடரோடு (சொந்தக் குறுக்குவழிகளுக்கு முன்னால் தட்டும் விசையோடு) சாய்கோடு தட்டினால் இந்த இசட் ஏற்கெனவே போட்ட தேடல் வரி திறக்கும்படி நார்மல் மோடில் ஒரு மேப் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் எஸ்கேப் எது?

தமிழ்99-இல் எந்த இரண்டு விசைகள் அடுத்தடுத்து வரவே வராது என்று யோசித்தால் விடை இலக்கணத்திலேயே இருக்கிறது: இரண்டு உயிர் ஒட்டி வராது. புள்ளிக்குப் பின்னும் உயிர் வராது, சேர்ந்து உயிர்மெய்யாகிவிடும். அதனால் ‘எஃப் டி’, அதாவது புள்ளியும் உகரமும், நல்ல இணையாகத் தோன்றும். வைத்துப் பார்த்தால் தொல்லை தெரியும். எஃப் தட்டியதும் அடுத்து டி வருமோ என்று விம் காத்திருக்கும், அந்த நேரத்தில் திரையில் புள்ளிக்குப் பதில் ஆங்கில எஃப் நிற்கும். ‘மரம்’ என்று எழுதி நிறுத்தினால் ம-வுக்குப் பக்கத்தில் ஒரு நொடி எஃப். புள்ளி இல்லாத தமிழ் வரி ஏது?

ஆக, இணையின் முதல் விசை அரிதாக வருவதாக இருக்க வேண்டும். தமிழ்99-இல் இசட் விசையில் ஔ. ஔவை, மௌனம், கௌரவம், பௌர்ணமி என்று விரல்விட்டு எண்ணலாம். பக்கத்து எக்ஸ் விசையில் ஓ. ‘இசட் எக்ஸ்’ தமிழில் வராது, மலாயில் வராது, ஆங்கிலச் சொல்லிலும் வராது. இடக்கையின் இரண்டு விரல் சற்று உருண்டால் போதும். வரி: ஐநோரீமேப், இசட் எக்ஸ், கோண அடைப்புக்குள் எஸ்கேப்.

காத்திருக்கும் நேரம் ‘டைம்அவுட்லென்’, இயல்பாக 1000 மில்லிநொடி. 500 ஆக்கினால் இசட் எக்ஸுக்கும் லீடர் தொடர்களுக்கும் நடுவாக இருக்கும். 200-க்குக் குறைத்தால் லீடர் அழுத்தி அடுத்த விசையை யோசிப்பதற்குள் வாய்ப்பு போய்விடும். ‘டிடைம்அவுட்லென்’ வேறு. அது டெர்மினல் அனுப்பும் அம்பு விசை, ஆல்ட் விசைத் தொடர்களுக்கானது. விம்மின் கிளையான நியோவிம்மில் 50, விம்மில் நீங்களே 50 போட்டுக்கொள்ளலாம். எஸ்கேப் அழுத்தி ஒரு நொடி கழித்து மோடு மாறுகிறது என்றால் காரணம் இதுதான்.

இணையே வேண்டாம் என்பவர்களுக்குக் கேப்ஸ் லாக் இருக்கிறது. லினக்ஸில் விசைப்பலகைத் தெரிவில் கேப்ஸை எஸ்கேப்பாக்கும் தேர்வு, விண்டோஸில் பவர்டாய்ஸ், மேக்கில் சிஸ்டம் செட்டிங்ஸில் மாடிஃபையர் விசைகள். மேக்கில் மொழி மாற்றத்துக்குக் கேப்ஸ் லாக்கைப் பயன்படுத்தும் தேர்வு முன்பே இயக்கத்தில் இருந்தால் அதை முதலில் நிறுத்துங்கள், இரண்டும் மோதும். விம்மின் முன்னோடியான விஐ பிறந்த 1970-களின் ஏடிஎம்-3ஏ டெர்மினலில் எஸ்கேப் இருந்த இடம் இன்றைய டேப் விசையின் இடம். மூலையில் போய் ஒளிந்துகொண்டது பிறகுதான்.

லீடரும் சில பொறிகளும்

லீடருக்கு ஸ்பேஸ். நார்மல் மோடில் அது செய்வது எல் செய்யும் வேலையைத்தான், இழப்பு இல்லை. லீடரை வைக்கும் வரி மற்ற எல்லா மேப்புக்கும் மேலே வர வேண்டும். மேப் எழுதும் கணத்தில் லீடர் என்னவோ அதுவே அதில் பதியும், பின்னால் மாற்றினால் பழையவை பின்சாய்கோட்டிலேயே நிற்கும்.

மேப் வரியின் முடிவில் குறிப்பு எழுதாதீர்கள். விம் அதையும் விசைகளாகவே எடுத்துக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாத கடைசி இடைவெளியும் அப்படியே, கட்டளை முடிந்து கர்சர் ஓர் எழுத்து வலப்பக்கம் நகர்ந்திருந்தால் அதுதான் காரணம். எப்போதும் ‘நோரீமேப்’ வகையையே பயன்படுத்துங்கள். ஷிஃப்டை மிச்சப்படுத்த முக்காற்புள்ளியையும் அரைப்புள்ளியையும் இடம் மாற்றுபவர்கள் வெறும் ‘மேப்’ போட்டால் ஒன்று மற்றொன்றை மாறி மாறி அழைத்துப் பிழை எண் 223 வரும்.

தமிழ்ப் பத்திகள் நீளமான ஒரே வரியாக மடங்கிக் கிடக்கும், ஜே தட்டினால் பத்தியையே தாண்டும். எண் கொடுக்காதபோது மட்டும் ‘ஜி ஜே’ ஆகும்படி எக்ஸ்பிஆர் மேப் வையுங்கள். எண்ணோடும் மாற்றிவிட்டால் ‘5 ஜே’ தவறான வரியில் போய் நிற்கும். டேப் விசையை மாற்றினால் பல டெர்மினல்களில் கன்ட்ரோல்-ஐயும் கூடவே மாறும், இரண்டும் ஒரே குறியெண். கன்ட்ரோல்-எஸ்ஸைச் சேமிப்புக்கு வைத்துத் திரை உறைந்தால் பதறாமல் கன்ட்ரோல்-க்யூ அழுத்துங்கள், பிறகு ஷெல்லில் ‘எஸ்டிடிஒய் கழித்தல் இக்ஸ்ஆன்’ சேருங்கள்.

ஒரு விசை எதிர்பார்த்ததைச் செய்யவில்லை என்றால் ‘வெர்போஸ் என்மேப்’ என்று கொடுத்து அந்த விசையைத் தட்டுங்கள். கடைசியாக எந்தக் கோப்பு அதை மாற்றியது என்று வரும். இன்சர்ட் மோடுக்கு ‘வெர்போஸ் ஐமேப்’, தமிழ் விசைகளுக்கு ‘வெர்போஸ் எல்மேப்’. நியோவிம்மில் லுவா வழியாக வைத்ததற்கு வரி எண் வேண்டுமானால் ‘கழித்தல், பெரிய வி, 1’ சேர்த்துத் திறக்க வேண்டும்.

எல்லாம் முடிந்ததும் ஒரு புதுக் கோப்பில் கன்ட்ரோல்-6 அழுத்தி இதைத் தட்டிப் பாருங்கள்: ‘அப்பா கோலாலம்பூரில் சமபந்தி விருந்துக்கு அப்பம் சுட்டார், கௌரவம்தான் லாபம்.’ ப்ப, ம்ப, பம, அகரத் தடுப்பு, ஔ எல்லாம் இதில் உண்டு. தட்டி முடித்து இசட் எக்ஸ். திரையின் அடியில் மேக்ரோ பதிவு எதுவும் ஓடாமல், ஜே தட்டினால் கர்சர் கீழே இறங்கினால் சரி. ‘சம்பந்தி’ என்று வந்திருந்தால், ம-வுக்குப் பின் அகர விசையைத் தட்டினீர்களா என்று முதலில் பாருங்கள், மாறியைப் பிறகு பார்க்கலாம்.